யானை எங்கே நிற்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

வால்பாறையில் பொழுது சீக்கிரம் மங்கிவிடும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த பஸ், எஸ்டேட் முக்கில் நாலைந்து பேரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடைதான். ஒரு பக்கம் இடுப்பளவு தேயிலை, மறுபக்கம் ஓடைக்கரைப் புதர். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கையில் ரேஷன் பையும் டார்ச் லைட்டுமாக நடக்கிறவருக்கு, அந்தப் புதரோரம் யானை நிற்பது தெரிய வழியே இல்லை. அத்தனை பெரிய உடம்பு நின்றால் சத்தம் கேட்காதா என்று கீழ்நாட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்காது. காதை ஆட்டாமல் அசையாது நிற்கும் யானையைப் பகலிலேயே தாண்டிப் போய்விடலாம்.

1994 தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் வால்பாறை மேட்டுநிலத்தில் சுமார் 40 பேர் யானையால் உயிரிழந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமார் 2002 முதல் அங்கே யானைகளைப் பின்தொடர்ந்து வந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் யானைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சாவும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடந்தது, இறந்தவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று தேடினார்கள். கிடைத்த விடை மிக எளிமையானது, அதனாலேயே மனதைப் பிசைவது. இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே யானை இருப்பதே தெரியாது. அவர்கள் யானையை விரட்டப் போனவர்களும் இல்லை, காட்டுக்குள் நுழைந்தவர்களும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

இதை ‘மனித–யானை மோதல்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு தரப்பு எதிரெதிரே நின்று முட்டிக்கொள்வது போல ஒரு படம் மனதில் எழுகிறது. யானையை விரட்டு, பிடி, அகழி வெட்டு, கும்கியைக் கொண்டு வா என்ற பேச்செல்லாம் அந்தப் படத்திலிருந்து பிறப்பதுதான். தேயிலைக்கு நடுவே இருட்டில் எதேச்சையாக முட்டிக்கொண்ட ஒரு தொழிலாளியின் சாவு அந்தப் படத்துக்குள் அடங்காது. ஒரு தகவல் அவரிடம் வந்து சேராததால் நேர்ந்த சாவு அது. யாரோ ஒருவர் மாலை நாலு மணிக்கே அந்த யானையைப் பார்த்திருப்பார். பார்த்தவருக்கும் நடந்து வந்தவருக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் ஆளைக் கொன்றது.

சரி, யானை ஏன் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறது? அது வரவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலம் 1890களுக்கு முன் மழைக்காடு. அடுத்த சில பத்தாண்டுகளில் காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். நடுநடுவே சோலைத் துண்டுகள் மிஞ்சின. ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துப் பக்கக் காடுகளும் சுற்றிலும் இருக்க, நடுவில் சுமார் 70,000 மக்கள் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு நூறு யானைகள் அளவில் இதன் வழியே போய் வருகின்றன. பகலில் சோலைத் துண்டுகளிலும் நடு ஆறு, சோலையாறு கரைகளின் மரத்தடியிலும் ஒதுங்கி நின்று, இருட்டிய பின் தேயிலையைக் கடக்கின்றன. தேயிலையை யானை தின்பதில்லை. அதனால் பயிர்ச்சேதம் என்ற வழக்கமான கணக்கு இங்கே பொருந்தாது.

இங்கே யானை உடைப்பது கதவுகளையும் சுவர்களையும். அதிலும் எல்லாக் கதவுகளையும் இல்லை. அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை வைத்திருக்கும் இடங்கள்தான் திரும்பத் திரும்ப அடிபட்டன: ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், அப்புறம் அவற்றை ஒட்டிய லயன் வீடுகள். ரேஷன் கடை ஓடைக்கரைக்கு அருகில் இருந்து, அதில் மாத அரிசி மொத்தமாக இறங்கியிருந்தால், எந்தச் சுவர் இடியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கடையை எங்கே கட்டுவது, அரிசியை எத்தனை நாள் அங்கே வைத்திருப்பது என்பது உணவு வழங்கல் நிர்வாகம் எடுக்கும் முடிவு. அந்த முடிவை எடுத்தவர்கள் யானையை மனதில் வைத்து எடுத்திருக்க மாட்டார்கள். எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஆய்வில் தெரிந்ததை வைத்து வால்பாறையில் செய்த வேலை பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. முதலில் உள்ளூர் கேபிள் டிவியில், திரைக்கு அடியில் ஓடும் ஒரு வரி: இன்று மாலை யானை இன்ன எஸ்டேட்டில், இன்ன பகுதியில் நிற்கிறது. வேலை முடிந்து சீரியல் பார்க்க உட்காரும் வீட்டுக்கு அந்த வரி வந்தது. 2011 முதல் அந்தந்தப் பகுதி மக்களின் போனுக்குக் குறுஞ்செய்தி. எழுத்து வாசிக்காதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. அப்புறம் சாலையோரத்தில், தூரத்திலிருந்தே தெரியும்படி கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. பதிவு செய்த எண்ணிலிருந்து ஒரு போன் கால் போட்டால் எரியும், இன்னொரு கால் போட்டால் அணையும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் நிமிர்ந்து பார்த்தாலே போதும். சிவப்பு எரிந்தால் சுற்றுவட்டாரத்தில் யானை இருக்கிறது. காத்திருக்கலாம், துணை சேர்த்துப் போகலாம், சுற்று வழியில் போகலாம். தொடக்கத்தில் ஆய்வுக் குழுவினரே விளக்கை ஏற்றி அணைத்தார்கள். போகப்போக அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களே அந்த வேலையைச் செய்யத் தொடங்கினார்கள். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. யானையைப் பார்த்தவருக்கும் அந்த வழியே நடந்து வருகிறவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை, அதே லயனில் வசிக்கும் ஒருவர் தன் போனிலிருந்து ஒரு காலில் மூடிவிடுகிறார். ஆண்டுக்கு மூன்று என்ற அளவுக்குப் போன சாவுகள் குறைந்தன. சாவே இல்லாத ஆண்டும் வந்தது. ஆனந்த குமாருக்கு 2015இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

யானையைப் பற்றிய அறிவியல் இதற்கு வெகு முன்பே இங்கே வேரூன்றியிருந்தது. 1980களில் ராமன் சுகுமார் சத்தியமங்கலம், பிலிகிரி ரங்கன் மலைப்பகுதிகளில் செய்த ஆய்வு உலகம் முழுக்க மேற்கோளானது. வளர்ந்த ஆண் யானைகள்தான் வயலுக்குள் அதிகம் வருகின்றன, கூட்டத்து யானைகளை விடப் பல மடங்கு என்று காட்டியது அது. ஆபத்து அதிகம், ஆனால் சத்தும் அதிகம். வலுவோடு இருக்கிற கொம்பன் அந்தத் துணிச்சலை எடுக்கிறது. எந்த யானை, எப்போது, எதற்காக வருகிறது என்பதை அந்த ஆய்வுகள் சொல்லின. வருகிற இடத்தில் இருக்கும் மனிதர்கள் யார், ஒருவருக்கொருவர் எப்படி வேறுபட்டவர்கள் என்பதை அவை சொல்ல முடியாது. அதற்குக் கூடலூர் பக்கம் போக வேண்டும்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கூடலூரில் ஒரே யானை ஒரே இரவில் பல உலகங்களைக் கடந்து போகும். காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், பணியர், முள்ளுக்குறும்பர் ஆகிய பழங்குடிகள். நெடுங்காலமாக நெல் விளைவித்து வரும் வயநாடன் செட்டிகள். கேரளத்திலிருந்து வந்து மிளகும் வாழையும் இஞ்சியும் போட்ட குடியேறிகள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழர்கள். தர்ஷ் தேக்கேக்கராவும் உடன் ஆய்வாளர்களும் இந்தச் சமூகங்களிடையே செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, யானையோடு வாழும் பொறுமை சமூகத்துக்குச் சமூகம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டியது. இழப்பு எவ்வளவு என்பது மட்டும் அந்தப் பொறுமையைத் தீர்மானிக்கவில்லை. யானை என்பது யார், இந்த மண் யாருடையது, நான் இங்கே எப்படி வந்தேன் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு சமூகமும் தனக்குள் வைத்திருக்கும் விடையும் அதைத் தீர்மானித்தது.

இதே மலைப்பகுதியில் 1970களின் இறுதியிலிருந்து காட்டுநாயக்கர்களோடு தங்கி ஆய்வு செய்தவர் மானிடவியலாளர் நூரிட் பேர்ட்-டேவிட். 1999இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு சிறு விவரம் வருகிறது. குடிசைகளுக்கு நடுவே யாருக்கும் தீங்கு செய்யாமல், ஆளின் கண்ணை நேரே பார்த்தபடி கடந்து போன யானையை அவர்கள் ‘ஆனை தேவரு’ என்றார்கள். குடிசையைச் சேதப்படுத்திய யானையை வெறும் யானை என்றார்கள். எல்லா யானையும் சாமி என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உன்னோடு உறவு வைத்து நடந்துகொண்டால் அது தேவரு, இல்லாவிட்டால் விலங்கு. ஒவ்வொரு யானையும் எப்படி நடக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஒதுங்கவும் பேசவும் செய்கிறவர்களின் அறிவு இது. யானையைத் தனித்தனி ஆளாக அறியும் இந்தப் பழக்கத்தைத்தான், காது கிழிசலையும் கொம்பின் வளைவையும் குறித்துவைத்துப் படம் எடுத்து ஆய்வாளர்களும் இப்போது செய்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழங்குடிகள் யானையோடு இணக்கமாக வாழ்வார்கள், மற்றவர்களுக்குத்தான் பொறுமை இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். காட்டுநாயக்கரும் பணியரும்கூட யானையால் சாகிறார்கள். மண்சுவர் வீடு, வெளியே கழிப்பிடம், விளக்கு இல்லாத பாதை என்றால் ஆபத்து அவர்களுக்குத்தான் முதலில். குடியேறிய விவசாயியின் கோபத்துக்குப் பின்னாலும் கதை இருக்கிறது. பரம்பரை நிலவுடைமையாளர்களான ஜென்மிகளின் உரிமையை ஒழிக்க 1969இல் வந்த கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் விவகாரம் பல பத்தாண்டுகள் தீராமல் இழுத்தது. பட்டா இல்லாததால் மின் இணைப்பு வாங்குவதே பல வீடுகளுக்குப் போராட்டம். தன்னை என்று வெளியேற்றுவார்களோ என்ற பயத்தோடு வாழ்கிறவருக்கு, வாழையை மிதித்த யானை அந்தப் பயத்தின் இன்னொரு முகம். அவர் வனத்துறை மேல் கோபப்படும்போது அதில் யானையின் பங்கு பாதிகூட இருக்காது.

நிலச் சிக்கலை யானையின் தலையில் போடுவதன் உச்சமான உதாரணம் அரிக்கொம்பன் என்ற ஆண் யானை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அந்தப் பெயர். 2023 ஏப்ரல் இறுதியில் மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, பெரியாறு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது எல்லை தாண்டித் தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அதில் ஒருவர் உயிரும் போனது. ஜூன் தொடக்கத்தில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் யானையைக் காட்டின. சின்னக்கானலின் 301 காலனியை அவ்வளவு நேரம் காட்டவில்லை. நிலமற்ற ஆதிவாசிகள் கேரளத்தில் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 2000களின் தொடக்கத்தில் 301 குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்த இடம் அது. கொடுத்த இடமோ யானைகள் நடமாடும் இடம். பல குடும்பங்கள் வாழ முடியாமல் விட்டுப் போயின. நிலத்துக்காகப் போராடியவர்களுக்கு யானையின் நடைபாதையில் பட்டா கொடுத்துவிட்டு, பிறகு நடந்ததற்கு ‘மோதல்’ என்று பெயர் வைத்தோம்.

யானையை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பது கம்பத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். இலங்கையில் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் இப்படி மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைக் கழுத்துப்பட்டை போட்டுக் கண்காணித்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு யானைகள் விட்ட காப்பகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற எல்லாமே அங்கிருந்து வெளியேறின. சில பழைய இடத்துக்கே திரும்பின, சில நெடுந்தூரம் அலைந்தன, சில வேறொரு ஊருக்குப் பக்கத்தில் நிலைகொண்டன. பிரச்சினையும் யானையோடு சேர்ந்து லாரியில் ஏறிப் போயிருக்கிறது.

வேலி பற்றியும் இலங்கையிடம் கற்க நிறைய இருக்கிறது. அங்கே மின்வேலியைக் காப்பகத்தின் சட்ட எல்லையில் போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வனவிலங்குத் துறையின் காடு. இந்தப் பக்கம் வனத் திணைக்களத்தின் காடு. இரண்டு பக்கமும் யானை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே போட்ட வேலி யானையை எப்படித் தடுக்கும்? இதற்கு மாற்றாகப் பெர்னாண்டோ குழு ஊர்களோடு சேர்ந்து செய்தது, காட்டைச் சுற்றாமல் ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுவது. வயல் வேலி விதைப்பின்போது எழும், அறுவடை முடிந்ததும் கழற்றப்படும். தாள் நிற்கும் வயலில் யானை மேய்ந்துவிட்டுப் போகலாம். கம்பியில் புல் உரசினால் மின்சாரம் கசிந்துவிடும்; யார் வெட்டுவது? பாட்டரியை யார் வீட்டில் வைப்பது? ஒருவர் முறை தவறினால் அபராதமா, ஏச்சா? யானை வேலியைத் தாண்டுமா என்பது கடைசியில் இந்தக் கேள்விகளுக்கு ஊர் கொடுக்கும் விடையில்தான் இருக்கிறது. வேலி தன்னுடையது என்றால் புல்லைத் தானே வெட்டுவார்கள். ‘டிபார்ட்மென்ட் வேலி’ என்றால் கம்பி தரையில் கிடக்கும். தீர்வு கையில் இருந்தும் நாடு முழுக்கப் பரவாததன் விலை கடுமையானது: 2023 ஒரே ஆண்டில் இலங்கையில் 488 யானைகளும் 184 மனிதர்களும் இறந்தார்கள்.

இறந்தவர்களை எண்ணலாம், இடிந்த சுவரை அளக்கலாம். எண்ண முடியாதவை வேறு இருக்கின்றன. அசாமில் சுஷ்ருத் ஜாதவும் மான் பருவாவும் யானை வந்துபோன வீடுகளில் தங்கிப் பேசி 2012இல் எழுதிய ஆய்வு அவற்றைத்தான் தேடியது. மாதக்கணக்கில் தூங்காமல் காவல் இருப்பது, அதற்குக் குடிக்கப் பழகுவது, குடும்பத்தில் ஒருவரை இழந்தபின் தேறாத மனம், அதற்கு மருத்துவமே கிடைக்காத ஏழ்மை. நிவாரணப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. கணவரை யானையிடம் இழந்த ஒரு பெண் தோட்டத்தில் தொடர்ந்து வேலை செய்தால்தான் லயன் வீடு நிற்கும் என்பதும், அவர் மறுநாளே அதே பாதையில் நடந்தாக வேண்டும் என்பதும் எந்தச் சேதக் கணக்கில் வரும்?

‘மக்கள் பங்கேற்புடன் கூடிய பாதுகாப்பு’ என்ற சொற்றொடர் இப்போது எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. பங்கேற்பு எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2024இல் தமிழக வனத்துறை 42 யானை வழித்தடங்களைக் குறித்து ஒரு வரைவு அறிக்கை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. அறிக்கை முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. பதில் சொல்லக் கொடுத்த அவகாசமும் குறுகியது. கூடலூர் கொந்தளித்தது. வழித்தடங்கள் அவசியமானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யானைக்குப் பாதை வேண்டும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளக்கூடிய மக்களைக்கூட, தங்கள் ஊர்ப் பெயரைப் புரியாத மொழியின் வரைபடத்தில் தேட வைத்தால் எதிர்நிலைக்குத்தான் தள்ளுவோம். வன உரிமைச் சட்டம் 2006இலேயே கிராம சபையை முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறது. அந்தச் சபையில் பேசித் தீர்க்க வேண்டியதைப் பத்திரிகைச் செய்தியாக மக்கள் தெரிந்துகொள்வது பங்கேற்பு ஆகாது.

வால்பாறைத் தோட்டங்களில் இப்போது வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் ஜார்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். காலியாகிக் கிடந்த லயன் வீடுகளில் அவர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். தமிழ்க் குரல் அழைப்பு அவர்களுக்குப் புரியாது. கேபிளில் ஓடும் வரியையும் படிக்கத் தெரியாது. யானை அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் ஊரிலும் யானையால் சாவு உண்டு, இரவுக் காவல் உண்டு. ‘ஹாத்தி’ என்று ஒரு சொல் கேட்டால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் போன் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, கம்பத்தில் சிவப்பு எரிந்தால் என்ன பொருள் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாராவது சொன்னார்களா என்பதைத்தான் இன்று மாலை பஸ் வருவதற்குள் ஒருவர் விசாரிக்க வேண்டும்.